சித்தூர் மாடியில் ஏன் அத்தனை உயர ஆன்டெனாக் கம்பம் நின்றது?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் திருப்பதியிலும் சித்தூரிலும் ஆன்டெனாவால் அதைப் பிடிப்பது ஏன் கடினமாக இருந்தது?

அலை ஏறக்குறைய நேராகப் போகும், பூமியோ வளைந்தது. ஒளிபரப்புக் கோபுரம் 150 மீட்டர், வீட்டுக் கம்பம் 9 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், எட்டும் தூரம் சுமார் 63 கிலோமீட்டர்தான். அதற்கப்பால் வந்தது சிதறிய மிச்சம். ஒரு நாள் தெளிந்த படம் மறுநாள் மங்கும்.

படம் இரட்டையாகத் தெரிந்தால் காரணம் மலை: அதில் மோதித் திரும்பும் அலை சற்றுப் பிந்தி வந்தது. ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பார்கள். திரையில் புள்ளிமழையா? முதலில் இணைப்பு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அலையைப் பெருக்கும் பூஸ்டர் கம்பத்தின் உச்சியில் இருக்க வேண்டியிருந்தது. டிவி அருகே வைத்தால் ஒயரில் மெலிந்த அலையோடு இரைச்சலும் பெருகும்.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே, காதங்கி என்ற ஊரிலுள்ள ரேடாரில், அந்த வீட்டு மாடிகளில் நின்ற அதே யாகி வகை ஆன்டெனாக்கள் 1024 நின்று, வானிலிருந்து திரும்பும் நொய்ய எதிரொலியால் காற்றின் வேகத்தை அளக்கின்றன.