வாய்க்காப்பு (விளையாட்டு)

வாய்க்காப்பு அல்லது மவுத் கார்டு என்பது விளையாட்டின்போது பற்கள், ஈறுகள், உதடுகள் ஆகியவற்றைக் காக்கும் நெகிழ்வான உறை ஆகும். இது பெரும்பாலும் மேற்பற்களின் மீது அணியப்படுகிறது. அடியின் விசையைப் பரப்பி, ஒரே பல்லின் மீது விழாமல் தடுக்கிறது. 1890 ஆம் ஆண்டளவில் இலண்டன் பல் மருத்துவர் ஊல்ஃப் கிராஸ் குத்துச்சண்டை வீரர்களுக்காக இத்தகைய காப்பைக் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் செய்தார்.

குத்துச்சண்டைப் போட்டிகளில் இது கட்டாயமாகும். கோயம்புத்தூர் உள்ளிட்ட கொங்கு நாட்டில் பரவலாக ஆடப்படும் கபடியிலும் தலையோ முழங்கையோ வாயில் மோதக்கூடும். ஆயினும் பலர் இதனை அணிவதில்லை.

கொதிநீரில் இளக்கிக் கடித்துப் பதிக்கும் வகை கடைகளில் கிடைக்கிறது. பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்வது நன்கு பொருந்தும்.

நிலைப்பல் வேரோடு விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் இட்டு, உடனே பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வேரின் மீதுள்ள உயிரணுக்கள் உலர்ந்து மடிந்தால் பல் மீண்டும் பொருந்துவது அரிது.