அழகுக்கு ஆபரேஷன்: ஆசையா, அவசியமா?

காலையில் மாரிக்குப்பத்தில் இருந்து புறப்படும் ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் தாண்டிப் பங்காருப்பேட்டை சேர்வதற்குள் நிரம்பி விடுகிறது. பெரும்பாலோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற தங்கவயல் தமிழர்கள்.

இவர்களுடைய பாட்டனாரும் தகப்பனாரும் வேலைக்காக ரயில் ஏறவில்லை. கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோ மீட்டருக்கும் மேல். அந்த இருட்டில் யாரும் முகம் பார்த்து வேலை கொடுக்கவில்லை. தோளில் பலம் இருந்தால் போதும்.

2001 பிப்ரவரி 28ந் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. இன்று பேரப்பிள்ளைகள் வேலை தேடும் இடங்கள் வேறு. ஜவுளிக்கடை, நகைக்கடை, ஓட்டல் வரவேற்பு மேஜை, ஆஸ்பத்திரி கவுண்ட்டர். அங்கே சர்டிபிகேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்க்கிறார்கள். பெங்களூர் வீதிகளிலோ, மூக்கை நிமிர்த்துகிறோம், வழுக்கையில் முடி நடுகிறோம், தொப்பையைக் கரைக்கிறோம் என்று விளம்பரப் பலகைகள் கூப்பிடுகின்றன.

நோய் இல்லை, ஊனம் இல்லை. அழகுக்காக மட்டும் உடம்பில் கத்தி படலாமா? "ஆண்டவன் கொடுத்த முகத்தை மாற்றுவதா?" என்கிறார்கள் பெரியவர்கள். "பல்லில் கட்டிடம் வைக்கலாம், கண்ணாடி போடலாம், இது மட்டும் கூடாதா?" என்கிறார்கள் இளைஞர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பெயரில் உள்ள பிளாஸ்டிக்

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும், உடம்புக்குள் பிளாஸ்டிக்கை வைத்துத் தைக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படி இல்லை. உருவாக்குதல், வனைதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. தீக்காயம், விபத்து, பிறவியிலேயே பிளந்த உதடு ஆகியவற்றைச் சரி செய்வது சீரமைப்பு ஆபரேஷன். குறை எதுவும் இல்லாத உறுப்பை இன்னும் அழகாக்குவது அழகு ஆபரேஷன். புத்தகத்தில் இப்படிப் பிரித்து விடலாம். வாழ்க்கையில் பிரிப்பது அவ்வளவு சுலபம் அல்ல.

மூக்கறுபட்ட வண்டிக்காரர்

இந்த வைத்தியம் மேல்நாட்டில் இருந்து வந்ததல்ல. மூக்கை ஒட்ட வைக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

1792ல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர் கவாஸ்ஜி. திப்பு சுல்தானின் படையிடம் சிக்கிய அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. பிறகு புனாவில் நாட்டு வைத்தியர் ஒருவர் அவரது நெற்றித் தோலை உரித்து இறக்கி, புது மூக்கு வைத்துக் கொடுத்தார். இந்தச் செய்தி 1794ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வெளிவந்தது. அதைப் படித்து வியந்த மேல்நாட்டு டாக்டர்களில் கார்ப்யூ என்பவர், 1814ல் அதே முறையில் லண்டனில் ஆபரேஷன் செய்தார்.

போன கை போனதுதான். மூக்கைத்தான் கவாஸ்ஜி திரும்பப் பெற்றார். மூக்கு இல்லாமலும் மூச்சு விடலாம். ஆனால் நாலு பேர் முன்னால் நிற்க முடியாது. அவமானப்பட்டவனை "மூக்கறுபட்டவன்" என்று நம் ஜனங்கள் சொல்வதும் அதனால்தான்.

வேலூரில் முளைத்த புருவம்

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. பங்காருப்பேட்டையில் ரயிலேறி ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். தங்கவயல் குடும்பங்கள் பலவற்றுக்குப் பூர்வீகம் அந்தப் பழைய வடஆற்காடு ஜில்லாதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946ல் வேலைக்குச் சேர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் மூலம் நிமிர்த்திக் காட்டி உலகப் புகழ் பெற்றார்.

விரல் நிமிர்ந்தது. ஆனால் வேலை கிடைக்கவில்லை! நோய் குணமாகி, தொற்றும் அபாயம் நீங்கிய பிறகும், அமுங்கிய மூக்கும் உதிர்ந்து போன புருவமும் "இவன் தொழுநோயாளி" என்று காட்டிக் கொடுத்தன. பார்த்தவர்கள் விலகி நடந்தார்கள்.

எனவே டாக்டர் பிராண்ட் முகத்தையும் சரி செய்யத் தொடங்கினார். அமுங்கிய மூக்கை உயர்த்தினார். தலையில் முடியுள்ள தோலில் ஒரு துண்டை, ரத்தக் குழாய் அறுந்து விடாமல், நெற்றித் தோலுக்கு அடியில் கொண்டு வந்து கண்ணுக்கு மேலே பொருத்தினார். அது தலைமுடி அல்லவா? நீளமாக வளரும். அதைக் கத்தரித்துக் கொள்ள வேண்டும். வெட்டும் அளவுக்குப் புருவம் வளர்கிறதே என்று அவர்களுக்குப் பெருமை.

புருவம் இல்லாவிட்டால் உயிர் போகாது. கணக்குப் பார்த்தால் அது வெறும் அழகு ஆபரேஷன்தான். ஆனால் ஒருவனை மீண்டும் ஊருக்குள் சேர்த்தது அந்தப் புருவம். இதை வீண் ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

தண்ணீர் பூசிய கறை

கோலார் ஜில்லாவிலும் இப்படி ஒரு குறை இருக்கிறது. கம்பெனிக் காலத்தில் தங்கவயலுக்குப் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் வந்தது. சுற்றுக் கிராமங்களுக்கோ ஆழ்குழாய்க் கிணறுதான் கதி. ஜில்லாவின் பல இடங்களில் அந்தத் தண்ணீரில் புளோரைடு என்ற உப்பு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பது விதி.

சிறு வயதில், ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும் காலத்தில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பிற்பாடு நல்ல தண்ணீருக்கு மாறினாலும் மறையாது.

கறை லேசாக இருந்தால் பல் வலிக்காது. சாப்பாடும் கடிக்க வரும். ஆனால் அந்தப் பையனோ பெண்ணோ கையால் வாயை மூடிக் கொண்டுதான் சிரிக்கிறார்கள். பார்ப்பவர்கள் பாக்கு, புகையிலைப் பழக்கம் என்று தப்பாக எடை போடுகிறார்கள். பல் டாக்டர்கள் மேல் கறையைச் சுரண்டி எடுக்கிறார்கள், வெளுக்க வைக்கிறார்கள், தேவையானால் பல்லின் நிறத்திலேயே மெல்லிய மூடி ஒட்டுகிறார்கள். இதுவும் தோற்றத்துக்காகச் செய்வதுதான். தண்ணீர் செய்த குற்றத்துக்குப் பிள்ளை தலை குனிய வேண்டுமா?

ஒருவர் பல்லைச் சரி செய்வதோடு விஷயம் முடியவில்லை. அடுத்த பிள்ளைக்கும் கறை படியாமல் இருக்க நல்ல குடிநீர்தான் வழி. முதல் வைத்தியம் அதுதான்.

ஸ்டான்லியில் எழுந்த விவாதம்

சர்க்கார் பணத்தில் அழகு ஆபரேஷன் செய்யலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் 2018 பிப்ரவரியில் எழுந்தது. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மார்பக அறுவைக்கு இலவசப் பிரிவு திறந்தார்கள். அழகுக்காக விரும்பி வரும் ஏழைப் பெண்களுக்கும் அங்கே இடம் உண்டு என்று அறிவிக்கப்பட்டது.

பணக்காரருக்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் சி.விஜயபாஸ்கர். இலவசமாகச் செய்யாவிட்டால் கடன் வாங்குவார்கள், ஆபத்தான வழிகளில் இறங்குவார்கள் என்பது அவர் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று எதிர்த்தவர்களும் உண்டு. மார்பின் பாரத்தால் கழுத்து வலி, தோள் வலியால் அவதிப்படும் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை டாக்டர்கள் நினைவூட்டினார்கள். அழகு எங்கே முடிகிறது, அவதி எங்கே தொடங்குகிறது என்பதைச் சம்பந்தப்பட்டவர்தான் அறிவார்.

இளம் நடிகையின் முடிவு

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பை அகற்றும் ஆபரேஷனுக்காகப் பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 2022 மே 16ந் தேதி இறந்து போனார். வயது 21தான். ஆபரேஷன் விஷயம் தங்களுக்குத் தெரியாது என்று பெற்றோர் கதறினார்கள்.

அழகு ஆபரேஷனும் ஆபரேஷன்தான். மயக்க மருந்து உண்டு; ரத்தப் போக்கு உண்டு; சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. நோயாளி ஆபரேஷனுக்குப் போனால் நோய் தீரும் என்ற லாபம் இருக்கிறது. நல்ல உடம்போடு போகிறவர் கையில் இருக்கும் முதலையே பணயம் வைக்கிறார்.

யோசிக்க வேண்டியவை

ஆகவே அழகை விரும்புவது பாவம் அல்ல. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

கேட்பது யார்? சம்பந்தப்பட்டவர் வயது வந்து, நன்றாக யோசித்து, தானே விரும்பினால் சரி. "மூக்கைச் சரி செய்தால்தான் கல்யாணம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், அது இன்னொரு வகை வரதட்சணை. அதற்காகப் பெண்ணைக் கத்திக்குக் கொடுக்கக் கூடாது.

செய்வது யார்? பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற தகுதி பெற்றவரா, மயக்க மருந்து டாக்டரும் தீவிர சிகிச்சை வசதியும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். பியூட்டி பார்லரை நம்பக் கூடாது. முடி நடுவதைக்கூடப் பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் நெறிமுறை வெளியிட்டுள்ளது.

பணம் யாருடையது? அழகுக்காக மட்டும் செய்யும் ஆபரேஷனுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் பணம் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்திய சீரமைப்பு என்றால் தரும். சீட்டுப் பணத்தைப் போட்டு, மீட்டர் வட்டிக்கு வாங்கி, குடும்பத்தைக் கடனில் தள்ளிப் பெறும் முகத்தில் சிரிப்பு தங்காது. தீக்காயத் தழும்பு போன்ற குறை உள்ளவர்கள் பெங்களூர் விக்டோரியா ஆஸ்பத்திரியில் உள்ள பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுக்கு முதலில் போய்க் கேட்கலாம். பல் கறைக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் உள்ளவர் செய்து கொள்ளட்டும். ஊர் அவரைக் கேலி செய்ய வேண்டாம். செய்து கொள்ளாதவரையும் முகத்தைக் காட்டி ஒதுக்க வேண்டாம். வேலை கொடுக்கும் முதலாளிகளும், பெண் பார்க்கப் போகும் பெரியவர்களும் அளவுகோலை மாற்றிக் கொண்டால், பாதிப் பேருக்கு இந்த ஆபரேஷனே தேவைப்படாது.