உடும்புக்குத் தீவு, காளானுக்குக் கிழமரம்

நம் ஊர்க் காட்டில் திரியும் உடும்புக்கு இந்தோனேசியத் தீவுகளில் ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. 3 மீட்டர் நீளம், 70 கிலோ எடை, மானையே சாய்க்கும் பலம். கொமோடோ டிராகன் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைக் காக்க 1980இல் தேசியப் பூங்கா அமைந்தது. 1991இல் அந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது. அப்படியும் 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில் அதை ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்ற படிக்கு உயர்த்த வேண்டியதாயிற்று. கடல் மட்டமும் வெப்பமும் ஏறுவதால், அடுத்த 45 ஆண்டுகளில் அதன் வாழிடத்தில் 30 சதவீதமாவது குறையும் என்பது கணிப்பு.

அதே படியில் அகாரிகோன் என்ற மரக்காளானும் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

ஆல்ப்ஸ் மலையிலும் சைபீரியாவிலும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் வளர்வது இது. ஐரோப்பாவில் பெரும்பாலும் முதிர்ந்த லார்ச் மரங்களே இதன் வீடு. தேன்கூடு தொங்குவதுபோல் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு அடுக்காகப் பல பத்தாண்டுகள் தடிக்கும். உள்ளே சுண்ணாம்புபோல் வெளுப்பு. வாயில் வைத்தால் கடும் கசப்பு. கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் முதல் நூற்றாண்டிலேயே இதை மருந்தாக எழுதிவைத்தார். அந்தப் புகழே வினையானது. மருந்துக்காக மரம் மரமாகப் பெயர்த்தெடுத்தார்கள். மரத்தின் வைரத்தை இது அரிப்பதால், வெட்டுமரக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது வெறும் நோய். கிழமரங்கள் சாயச்சாய, காளானும் போயிற்று.

இரண்டுக்கும் சிக்கல் ஒன்றுதான்: பழகிய இடத்தை விட்டால் போக வேறு இடமில்லை. ஆனால் கொமோடோவை விலங்குக் காட்சிச்சாலையிலாவது பெருக்கலாம். பிரிட்டனில் ஆண் துணையே இல்லாமல் பெண் கொமோடோ ஒன்று குஞ்சு பொரித்ததை 2006இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அகாரிகோனின் பூஞ்சை இழையை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியும். அது வாழும் நூற்றாண்டு மரத்தை எந்த ஆய்வகம் வளர்த்துத் தரும்?

நம் கவனத்தின் கோணலைக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. 2022இல் வெளியான ஆய்வு 10,196 ஊர்வன இனங்களின் நிலையை அலசியது. பூஞ்சைகளில் பெயரிடப்பட்டவை மட்டும் சுமார் 1,55,000. 2025 மார்ச் வரை சிவப்புப் பட்டியலுக்காக அலசப்பட்டவை ஏறக்குறைய 1,300தான். அவற்றிலேயே 411 ஆபத்தில் இருக்கின்றன.

அகாரிகோனுக்குத் தேசியப் பூங்கா வேண்டாம். எஞ்சியிருக்கும் கிழ லார்ச் மரங்களைக் கோடரி தொடாமல் நிற்கவிட்டால் போதும்.