நாகூர் வீட்டு விற்பனையில் விருந்தினர் குளியலறை

விருந்தினர் குளியலறை என்பது வீட்டாரின் படுக்கையறைகளோடு சேராமல், வந்து போவோரின் பயன்பாட்டுக்கென முன்கூடத்தை ஒட்டி அமைக்கப்படும் சிறிய குளியலறையாகும். வீட்டை விற்கும் முன் அதன் அறைகளைப் பழுதுபார்த்து, வேண்டாத பொருள்களை அகற்றி, வாங்க வருவோர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி ஒழுங்குபடுத்துவதை 'விற்பனை ஒப்பனை' எனலாம். அமெரிக்காவில் 1970-களில் தனித் தொழிலாக உருவான இவ்வழக்கம் தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் பரவவில்லை. வீடு பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால் வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, கொல்லைப்புறத்தைக் கூட்டிவைப்பது மட்டும் எங்கும் உண்டு. அந்த வேலையில் பெரும்பாலும் கடைசியாக நினைவுக்கு வருவது குளியலறை. வாங்க வருபவரோ முதலில் பார்க்க நினைப்பது அதைத்தான். தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, சுவர் ஈரத்தை எப்படித் தாங்குகிறது என்பதெல்லாம் அந்த நாலடி அகலத்தில் ஒருசேரத் தெரிந்துவிடும்.

நாகூரின் நிலை

நாகப்பட்டினம் நகராட்சியைச் சேர்ந்த நாகூர், காவிரிப் படுகையின் கிளையாறான வெட்டாறு கடலோடு சேருமிடத்தில் உள்ளது. உப்புக்காற்று, உயர்ந்த நிலத்தடி நீர்மட்டம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை ஆகிய மூன்றும் இங்குள்ள கட்டடங்களின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஊரின் மற்றொரு இயல்பு விருந்தாளிகள். நாகூர் தர்காவில் ஆண்டுதோறும் 14 நாட்கள் நடைபெறும் கந்தூரி விழாவின்போது வெளியூர் உறவினர்கள் வீடுகளில் வந்து தங்குவது வழக்கம். ஆகவே வந்தவர்களுக்கென ஒரு குளியலறை என்பது இங்கு ஆடம்பரமன்று. பழைய வீடுகளில் கிணறும் குளிக்கும் இடமும் கொல்லையில் இருந்தன. பிற்காலத்தில் முன்கட்டில் மாடிப்படிக்கு அடியிலோ, திண்ணையின் ஒரு பகுதியை அடைத்தோ சேர்க்கப்பட்டவையே இன்றுள்ள பல விருந்தினர் குளியலறைகள். காற்றும் வெளிச்சமும் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நாகூருக்கும் தென்கிழக்காசியாவுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் பெயரில் 1828–1830 ஆண்டுகளில் எழுப்பப்பட்ட கட்டடம் அதற்குச் சான்று. குடும்பம் வெளிநாட்டில் இருக்க, வீடு உறவினர் கையில் சாவியோடு பூட்டிக் கிடப்பது இவ்வூரில் அரிதன்று. விற்பனைக்கு வரும் வீட்டின் குளியலறைச் சிக்கல்கள் பலவும் இந்தப் பூட்டிலிருந்தே தொடங்குகின்றன.

பூட்டிய வீட்டின் வாடை

கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை அடித்தால் குழாய் உடைந்துவிட்டது என்று எண்ணத் தேவையில்லை. குளியலறைத் தரையிலுள்ள நீர்ப்போக்கி (நானி டிராப்), கழிப்பறைக் கோப்பை, கைகழுவும் தொட்டி ஆகிய ஒவ்வொன்றின் அடியிலும் வளைந்த பகுதியில் சிறிதளவு நீர் எப்போதும் தேங்கியிருக்கும். கழிவுக்குழாயின் வாயு வீட்டுக்குள் ஏறாதபடி தடுப்பது அந்த நீர்தான். நானி டிராப்பில் அதன் உயரம் வழக்கமாக 50 மில்லிமீட்டர் அளவே இருக்கும். சில வாரங்கள் புழக்கமில்லாமல் கிடந்தால் அது வற்றிவிடும், வாயுவும் கரப்பானும் தடையின்றி ஏறிவரும். ஒவ்வொரு போக்கியிலும் ஒரு வாளி நீர் ஊற்றினால் இந்த வாடை அடங்கும். மறுபடி பூட்டிவைக்க வேண்டுமானால் நீரின் மேல் சிறிது சமையல் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதப்படும்.

நீர் ஊற்றிய பிறகும் வாடை நின்றால் கழிவுத்தொட்டியைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது உறிஞ்சுகுழி நீரை உள்வாங்காது. கோப்பையில் நீர் மெல்ல இறங்கும், 'களக் களக்' என்று சத்தம் கேட்கும். கோடையில் மட்டும் வீட்டைப் பார்த்து வாங்கியவர் ஐப்பசியில்தான் இதை அறிவார். வாடையை மறைக்கப் பாச்சை உருண்டையும் ஊதுபத்தியும் வைப்பது பெரும்பாலும் எதிர்மாறாகவே முடிகிறது. சின்னஞ்சிறு அறையில் நறுமணம் தூக்கலாக இருந்தால் வந்தவர் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்.

உப்பு பூத்த சுவர்

சுவரின் அடிப்பகுதியில் வெண்பொடியாகப் பூத்து, பெயிண்ட் செதிள் செதிளாக உதிர்வது நாகூர் வீடுகளில் பழகிய காட்சி. நிலத்திலிருந்தோ கசியும் குழாயிலிருந்தோ சுவருக்குள் ஏறும் நீர், தன்னில் கரைந்த உப்பைச் சுமந்து வந்து, மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. அந்த உப்புப் படிகங்கள் வளரும்போது ஏற்படும் அழுத்தமே பூச்சைப் பெயர்க்கிறது. அதன்மேல் புதுப் பெயிண்ட் அடித்தால் விற்பனை முடியும்வரை தாங்கலாம், பிறகு மறுபடியும் உதிரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய எளிய வழி உண்டு. ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் உட்புறம் நீர் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் துளிர்த்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, வெளியேற்றும் மின்விசிறி ஒன்றே போதுமானதாகலாம். சுவரிலிருந்து வருகிறதென்றால் கசிவை முதலில் நிறுத்தி, உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்தெடுத்து, சுவர் உலர்ந்த பின்னரே பூச வேண்டும். நீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு பொருந்தாது. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி மேலே ஏறும். இவ்வேலைகளுக்குத் தை மாதத்துக்குப் பின்வரும் வறண்ட காலமே ஏற்றது.

இங்கு ஒப்பனைக்கும் மறைப்புக்கும் இடையிலான எல்லை வருகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைபாட்டை விற்பவர் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவதை அச்சட்டம் மோசடியாகவே கருதுகிறது. கசியும் சுவரின்மேல் புது டைல்ஸ் ஒட்டிவிட்டு வாய்மூடி இருப்பவர் இதை நினைவில் கொள்வது நல்லது.

கறையும் துருவும்

உவர்நீர் புழங்கும் குழாய்களிலும் டைல்ஸிலும் வெள்ளைப் படிவு ஏறும். வினிகரையோ எலுமிச்சை உப்புக் கரைசலையோ துணியில் நனைத்துப் படிவின்மேல் அரைமணி நேரம் சுற்றிவைத்தால் இளகும். கடையில் விற்கும் ஆசிட் விரைவாக வேலை செய்தாலும் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டையும் மொசைக் தரையையும் சேர்த்தே அரிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு உண்டாகும். சன்னல் இல்லாத சிறு அறையில் இது உயிருக்கே ஆபத்து.

மாற்ற வேண்டியவை அதிகமில்லை: ஓரம் கறுத்த கண்ணாடி, துருப்பிடித்த தாழ்ப்பாளும் திருகுகளும், அடிப்பகுதி ஊறிப்போன மரக்கதவு. கதவுக்கு பி.வி.சி.யும், தாழ்ப்பாளுக்குப் பித்தளையும் கடற்காற்றைத் தாங்கும். ஃபிளஷ் தொட்டி ஒழுகுகிறதா என்பதை அறியத் தொட்டி நீரில் சிறிது கேசரிப் பவுடர் கலந்து கால்மணி நேரம் விட்டால் போதும், ஒழுகினால் கோப்பையில் நிறம் தெரியும்.

வாங்குபவர் கேட்பவை

குளியலும் கழிப்பும் ஒன்றாயுள்ள அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் குறைந்த அளவு 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். மாடிப்படிக்கு அடியிலுள்ள அறைகள் பலவும் இதற்குக் குறைவாகவே இருக்கும். இடத்தைக் கூட்ட முடியாதபோது கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றுவது, வாளி, துடைப்பம், பழைய சோப்புப்பெட்டி ஆகியவற்றை அப்புறப்படுத்துவது, வெளிர்நிறச் சுவர், நல்ல எல்.இ.டி. விளக்கு ஆகியவை உதவும்.

நாகூரில் கழிப்பறைக் கோப்பை நோக்கும் திசையும் கேட்கப்படும். முஸ்லிம்கள் கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமர்வதைத் தவிர்ப்பர். நாகூரிலிருந்து கிப்லா மேற்கே சற்று வடக்காக அமைவதால் கோப்பை வடக்கு–தெற்காக இருப்பதை விரும்புவர். ஒளு செய்யத் தாழ்வான குழாயும் உட்கார ஒரு திட்டும் இருந்தால், அவற்றை 'பழைய பாணி' என்று இடித்துவிடாமல் சுத்தமாக வைத்திருப்பது நன்று. வயதானவர்கள் உள்ள குடும்பங்கள் மேற்கத்திய கோப்பையையும் சுவரில் ஒரு கைப்பிடியையும் எதிர்பார்க்கின்றன.

வீடு பார்க்க வரும் நாளில் தரை உலர்ந்திருக்க வேண்டும், மேல்தொட்டியில் நீர் இருக்க வேண்டும். வருபவர் எப்படியும் குழாயைத் திறந்துதான் பார்ப்பார். நெடுநாள் மூடிக்கிடந்த குழாயில் முதலில் வருவது துருநீர் என்பதால், சாவி வைத்திருப்பவர் முந்தின நாளே எல்லாக் குழாய்களையும் தெளிந்த நீர் வரும்வரை திறந்துவிட்டு மூடுவது வழக்கம்.