மின்னேற்ற எச்சரிக்கை விளக்கு

மின்னேற்ற எச்சரிக்கை விளக்கு என்பது மகிழுந்து, வேன், பேருந்து, கேரவன் எனப்படும் இல்ல ஊர்தி ஆகியவற்றின் முகப்புப் பலகையில் அமைந்துள்ள சிவப்பு விளக்கு ஆகும். பேட்டரிக்கு மின்னேற்றம் நடைபெறவில்லை என்பதை இது ஓட்டுநருக்கு அறிவிக்கிறது. பேட்டரியின் வடிவமும் அதனுள் கூட்டல், கழித்தல் குறிகளும் கொண்ட இதன் சின்னம் ஐ.எஸ்.ஓ. 2575 என்னும் பன்னாட்டுத் தரத்தில் இடம்பெற்றுள்ளது.

இவ்விளக்கு தொடர்ந்து எரிந்தால் காரணத்தைக் கண்டறிவது பெரும்பாலும் எளிது. விட்டு விட்டு எரியும்போது, ஊர்தி பட்டறையை அடைவதற்குள் பழுதின் அடையாளம் மறைந்துவிடுகிறது. இதனால் நல்ல நிலையிலுள்ள பேட்டரியும் மின்னாக்கியும் வீணாக மாற்றப்படுவதுண்டு. விட்டு விட்டுத் தோன்றும் பழுதுகளுக்குத் தளர்ந்த அல்லது களிம்பேறிய மின் இணைப்புகளே அடிக்கடி காரணமாகின்றன. உப்புக் காற்று வீசும் கன்னியாகுமரி மாவட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில் இவற்றை முதலில் ஐயுற வேண்டும்.

செயற்படும் முறை

ஊர்தியின் இயந்திரம் ஓடும்போது பெல்ட் மூலம் ஆல்டர்னேட்டர் எனப்படும் மாறுதிசை மின்னாக்கி சுழல்கிறது. 1960களுக்கு முன் பெரும்பாலான ஊர்திகளில் நேர்மின்னாக்கியாகிய டைனமோவே இருந்தது. பழக்கத்தின் காரணமாக ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றே அழைக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு.

மரபான அமைப்பில் எச்சரிக்கை விளக்கின் ஒரு முனை சாவியின் வழியாகப் பேட்டரியுடனும், மறுமுனை மின்னாக்கியின் கிளர்வு முனையுடனும் இணைக்கப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியவுடன் மின்னோட்டம் விளக்கின் வழியே மின்னாக்கியின் சுழலிச் சுருளுக்குப் பாய்வதால் விளக்கு எரிகிறது. இச்சிறு மின்னோட்டமே சுழலியை முதலில் காந்தமாக்குகிறது. மின்னாக்கி மின்சாரம் தரத் தொடங்கியதும் விளக்கின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் ஏறத்தாழச் சமமாகிறது. அழுத்த வேறுபாடு இல்லாததால் விளக்கு அணைகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியாவிட்டால் அதுவும் பழுதே ஆகும். விளக்கின் இழை அறுந்திருந்தால் தொடக்கக் காந்தமாக்கம் தடைபட்டு, மின்னாக்கி வேலை செய்யாமல் போகலாம். இரண்டாவதாக, மங்கலாக எரியும் விளக்கு இரு முனைகளுக்கும் இடையே சிறிய அழுத்த வேறுபாடு இருப்பதைக் காட்டுகிறது. மின்னாக்கியில் 14.2 வோல்ட்டும் பேட்டரிப் பக்கம் 13.2 வோல்ட்டும் இருந்தால், எஞ்சிய 1 வோல்ட்டு இடையிலுள்ள கம்பியிலோ இணைப்பிலோ இழக்கப்படுகிறது என்று பொருள்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்கு உட்பட்ட ஊர்திகள் பலவற்றில் இவ்விளக்கைக் கணிப்பொறிக் கட்டுப்பாட்டகமே இயக்குகிறது. அவற்றில் பதிவாகும் பழுதுக் குறிகளைக் கருவி கொண்டு படிக்க இயலும். எனினும் குறி எந்தச் சுற்றில் பழுது என்பதையே சுட்டும். எந்த இணைப்பு தளர்ந்துள்ளது என்பதை அளந்தே அறிய வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டச் சூழல்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. மேற்கிலும் தெற்கிலும் கடல் அமைந்துள்ளது. குளச்சல், முட்டம், சின்ன முட்டம், தேங்காய்ப்பட்டணம் ஆகிய இடங்களில் மீன்பிடித் துறைமுகங்களும், புத்தளம் பகுதியில் உப்பளங்களும் உள்ளன. நவம்பர் முதல் சனவரி வரையிலான சபரிமலைப் பயணக் காலத்தில் ஏராளமான வேன்களும் பேருந்துகளும் கன்னியாகுமரிக்கு வருகின்றன. வடகிழக்குப் பருவமழையும் இக்காலத்தை ஒட்டியே பெய்கிறது.

கடல் அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று கரைக்குக் கொண்டு வருகிறது. இவற்றிலுள்ள உப்பு ஊர்தியின் அடிப்பகுதியிலும் மின் இணைப்புகளிலும் படிகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரைசலாக மாறுகிறது. இரும்புச் சட்டத்தின் மீது செப்பு முனை திருகப்பட்டிருக்கும் இடத்தில் இக்கரைசல் மின்பகுளியாகச் செயல்பட, இரும்பு விரைவாக அரிக்கப்படுகிறது. செம்பின் மீது பச்சைக் களிம்பு தோன்றுகிறது. ஈரம் கம்பியின் உறைக்குள்ளும் நுண்புழை ஈர்ப்பினால் ஏறுவதால், வெளியே நன்றாகத் தோன்றும் கம்பியின் உட்புறம் கறுத்து இற்றுப் போயிருக்கலாம்.

காலை ஈரத்தில் தோன்றிய பழுது நண்பகல் வெயிலில் மறைவதற்கும், கடற்கரையில் எரிந்த விளக்கு நாகர்கோவில் பட்டறையில் எரியாமல் இருப்பதற்கும் இத்தகைய ஈரப்பத மாற்றம் காரணமாகலாம்.

அறிகுறிகளும் காரணங்களும்

விளக்கு எப்போது எரிகிறது என்பதைக் குறித்து வைப்பதே சோதனையின் முதற்படி ஆகும்.

* இயந்திரம் தாழ்வேகத்தில் ஓடும்போது எரிந்து, வேகம் கூடியதும் அணைந்தால்: பெல்ட் தளர்வு, தேய்ந்த கார்பன் பிரஷ், மிகக் குறைந்த தாழ்வேகம்.
* மழையிலோ நீர் தெறிக்கும்போதோ எரிந்தால்: பெல்ட் வழுக்கல், இணைப்பிகளில் ஈரம்.
* மேடுபள்ளங்களில் மட்டும் எரிந்தால்: தளர்ந்த முனை, சட்டத்தில் உராய்ந்து உறை கிழிந்த கம்பி.
* முகப்பு விளக்குகளைப் போட்டவுடன் மங்கலாக எரிந்தால்: மின்னாக்கிக்கும் பேட்டரிக்கும் இடையிலான கம்பியிலோ எர்த் இணைப்பிலோ மிகுந்த மின்தடை.
* பல எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் மின்னினால்: அவற்றுக்குப் பொதுவான எர்த் இணைப்பு, பொதுவான பியூஸ் அல்லது தாழ்ந்த பேட்டரி அழுத்தம்.

கடைசி அறிகுறி குறிப்பிடத்தக்கது. எண்ணெய் அழுத்தம், பிரேக், மின்னேற்றம் ஆகிய மூன்றும் ஒரே நொடியில் பழுதாவது அரிது. அவை பகிர்ந்துகொள்ளும் ஓர் இணைப்பு பழுதாவது இயல்பு.

அளந்து அறிதல்

மல்டிமீட்டர் எனப்படும் பன்முக அளவி இதற்குப் போதுமானது. 12 வோல்ட்டு அமைப்பு கொண்ட ஊர்தியில் கீழ்க்கண்ட அளவுகள் எதிர்பார்க்கப்படுகின்றன. 24 வோல்ட்டு அமைப்பு கொண்ட பெரிய ஊர்திகளில் முதல் இரண்டு அளவுகளும் ஏறத்தாழ இரு மடங்காகும்.

* இயந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரி முனைகளில்: முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு, பாதி மின்னேற்றத்தில் ஏறத்தாழ 12.2 வோல்ட்டு.
* இயந்திரம் ஓடும்போது: மரபான ஊர்திகளில் 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை.
* விளக்குகளும் துடைப்பானும் இயங்கும்போது, பேட்டரியின் எதிர்முனைக்கும் மின்னாக்கியின் உடலுக்கும் இடையே: 0.2 வோல்ட்டுக்குள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பு பழுதானது எனக் கொள்ளலாம்.

மூன்றாவது அளவே அழுத்த வீழ்ச்சிச் சோதனை எனப்படுகிறது. இதற்கு மாற்றாகக் கம்பியின் மின்தடையை ஓம் அளவில் பார்ப்பது ஏமாற்றக்கூடும். 0.01 ஓம் தடையை எளிய அளவிகள் சுழி என்றே காட்டும். அதே தடையின் வழியே 50 ஆம்பியர் பாயும்போது 0.5 வோல்ட்டும், இயந்திரத்தைக் கிளப்பும்போது 150 ஆம்பியர் பாய்ந்தால் 1.5 வோல்ட்டும் இழக்கப்படும். இழைகளில் பெரும்பாலானவை அறுந்த கம்பியும் ஓம் அளவில் நல்ல கம்பியாகவே தோன்றும். ஆகவே மின்னோட்டம் பாயும்போதே அளக்க வேண்டும். அளவி இணைந்திருக்கும்போது, பெல்ட்டுக்கு அருகே கை செல்லாதவாறு கம்பிகளை மெல்ல அசைத்தால், எண் தாவும் இடத்தில் பழுது இருப்பது புலப்படும்.

இல்ல ஊர்திகள்

2021 ஆம் ஆண்டில் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. இந்தியாவில் இத்தகைய ஊர்திகளுள் பல, வேன் அல்லது பேருந்தின் அடிச்சட்டத்தின் மீது பின்னர் உடற்கட்டமைப்பு செய்யப்பட்டவை. எனவே தயாரிப்பாளர் அமைத்த கம்பிகளோடு, விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கான கம்பிகளும் சேர்கின்றன.

இவற்றில் இயந்திரத்துக்கு ஒன்றும் உட்புறப் பயன்பாட்டுக்கு ஒன்றுமாக இரண்டு பேட்டரிகள் இருப்பது வழக்கம். இயந்திரம் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்க ஒரு ரிலே பயன்படுகிறது. அழுத்தத்தை உணரும் ரிலே, ஏறத்தாழ 13.3 வோல்ட்டில் இணைத்து 12.8 வோல்ட்டில் துண்டிக்கும். வெறுமையான இரண்டாம் பேட்டரி இணைந்தவுடன் அழுத்தம் சரிய, ரிலே துண்டிக்கிறது. அழுத்தம் உயர, மீண்டும் இணைக்கிறது. மெல்லிய கம்பியோ களிம்பேறிய எர்த் இணைப்போ இருந்தால் இச்சுழற்சி விரைவாக நிகழ்ந்து, முகப்புப் பலகை விளக்குகளும் சிமிட்டக்கூடும். இரண்டாம் பேட்டரியைத் தற்காலிகமாகப் பிரித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதன் மூலம், பழுது ஊர்தியின் மூல அமைப்பில் உள்ளதா, பின்னர் சேர்த்த அமைப்பில் உள்ளதா என்பதைப் பிரித்தறியலாம்.

பழுது நீக்கலும் பாதுகாப்பும்

பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் பூட்ட வேண்டும். இணைப்பைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும் வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பின்னர் வாசலின் பூசுவது ஈரத்தைத் தடுக்கும். பேட்டரி முனையில் படியும் அமிலப் படிவைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் நீக்கலாம். அக்கரைசல் பேட்டரியின் உள்ளே செல்லலாகாது. கடற்கரையில் நிறுத்தப்பட்ட ஊர்தியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுவது அரிப்பைக் குறைக்கும்.

இயந்திரம் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றி மின்னாக்கியைச் சோதிக்கும் பழைய முறை தவிர்க்கப்பட வேண்டும். அப்போது எழும் மிகை அழுத்தம் மின்னாக்கியின் டையோடுகளையும் கட்டுப்பாட்டகத்தையும் அழிக்கக்கூடும். எரிந்துபோன பியூசுக்கு மாற்றாகக் கம்பியைச் சுற்றுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

ஓட்டத்தின்போது விளக்கு அணையாமல் எரியத் தொடங்கினால், ஊர்தியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பல இயந்திரங்களில் அதே பெல்ட் நீரேற்றியையும் சுழற்றுவதால், பெல்ட் அறுந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் இயந்திரம் சூடேறிச் சேதமடையும். பெல்ட் நன்றாக இருந்தால் பேட்டரியின் இருப்பைக் கொண்டு சிறிது தொலைவு செல்லலாம். 80 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரவில் 20 ஆம்பியர் செலவானால் கணக்குப்படி 4 மணி நேரம் வரும். பேட்டரியின் வயதும் அழுத்தச் சரிவும் இதனைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துவிடும். முகப்பு விளக்குகள் மங்கிய பின்னர் மலைப்பாதையில் நிற்க நேர்வதை விட, அடுத்த ஊரிலேயே நிறுத்துவது நல்லது.