ஒரு கம்பியூட்டர், இரண்டு இயங்குதளம்: கடன் கணக்கு எங்கே இருக்க வேண்டும்?

விண்டோஸ் 10 இற்கான வழமையான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய கம்பியூட்டர்கள் எமது கடைகளில் நிறையவே உள்ளன. புதிது வாங்க வசதியில்லாத சிலர், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸையும் அதே கம்பியூட்டரில் போட்டுக்கொள்கிறார்கள். கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ். இன்டர்நெட்டுக்கும் ஈமெயிலுக்கும் லினக்ஸ். நல்ல யோசனைதான். ஆனால் கோப்புகளை எங்கே வைப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நாங்கள் அதைச் செய்யவில்லை. கடன் பட்டியலின் ஒரு பிரதி விண்டோஸிலும் மற்றொன்று லினக்ஸிலும் இருந்தது. ஒரு வாடிக்கையாளர் கட்டிய 18,000 ரூபாவை ஒன்றில் பதிந்துவிட்டு, மற்றதைப் பார்த்து அவரிடம் மீண்டும் கேட்டுவிட்டோம். அவர் பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டியபோது வெட்கித் தலைகுனிந்தேன். தவணைக் கடனை எழுதி வைக்கும்படி அல்குர்ஆன் (2:282) எமக்குப் பணிக்கிறது. எழுதியது இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் எழுதியதன் பயன் என்ன?

இதற்கு வழி, வன்தட்டில் பொதுவான ஒரு பகுதியை ஒதுக்குவதாகும். ஒரு கடையில் இரண்டு கணக்கப்பிள்ளைகளுக்கும் தனித்தனி மேசை இருக்கலாம். பேரேடு இருக்கும் அலுமாரி ஒன்றாகவே இருக்க வேண்டும். லினக்ஸ் பொதுவாகப் பயன்படுத்தும் ஈஎக்ஸ்டி4 முறையை விண்டோஸ் தானாக வாசிக்காது. விண்டோஸின் என்டிஎப்எஸ் முறையை லினக்ஸ் வாசிக்கும், எழுதும். எனவே பொதுப் பகுதியை என்டிஎப்எஸ் முறையில் அமைப்பதே வசதி. பழைய பெட்32 முறையில் 4 ஜீபியை எட்டும் தனிக் கோப்பை வைக்க முடியாது.

இனி முக்கியமான எச்சரிக்கை. விண்டோஸில் ‘பாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி உண்டு. அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை. பேரேட்டைத் திறந்து வைத்துவிட்டு, “இதோ வருகிறேன்” என்று எழுந்து போன கணக்கப்பிள்ளையைப் போலத்தான். அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே எழுதினால் கோப்புகள் பழுதாகலாம். அதனால்தான் லினக்ஸ் சில வேளை அந்தப் பகுதியை வாசிக்க மட்டும் விடும். கன்ட்ரோல் பெனலில் ‘பவர் ஒப்ஷன்ஸ்’ சென்று இவ்வசதியை நிறுத்திவிடுங்கள்.

கோப்புப் பெயர்களிலும் கவனம் தேவை. 10:30 என்று முக்காற்புள்ளி இட்ட பெயரை விண்டோஸ் ஏற்காது. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வேறு வேறாகப் பார்க்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், அந்த எழுத்துருவை லினக்ஸிலும் போடாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

வன்தட்டைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கு முன், எல்லாவற்றையும் வெளி வன்தட்டொன்றில் பிரதி எடுங்கள். அதன் பின்னும் வாரம் ஒரு முறை எடுங்கள். பொதுப் பகுதியும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது; அது பழுதானால் இரண்டு இயங்குதளமும் கைகொடுக்காது. பிறர் தந்த கடனும் பிறருக்குத் தந்த கடனும் அதில் இருக்கின்றன. அது எம்மிடமுள்ள அமானிதம்.