தீக்குச்சியும் விஞ்ஞானமும்

நர்மதை தீரத்திலுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-ஆம் ஆண்டு, 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பிக்கப்பெற்ற விஞ்ஞானப் போதனைத் திட்டம், கல்வியில் சிரத்தையுள்ளோர் யாவரும் ஊன்றி ஆராயத்தக்க அரிய முயற்சியாகும். ரசூலியாவில் இயங்கிவந்த நண்பர்கள் கிராம நிலையமும், கிஷோர் பாரதி என்ற தொண்டு ஸ்தாபனமும், மத்தியப் பிரதேச அரசாங்கத்தின் அனுமதி பெற்று மேற்கொண்ட இப்பணிக்கு, பம்பாயிலிருந்தும் டில்லியிலிருந்தும் பெரிய விஞ்ஞானிகள் வந்து துணை நின்றனர். எனினும் இதன் பெருமை அவர்கள் வருகையில் இல்லை. சோதனைச் சாலை என்பதையே அறியாத கிராமப் பள்ளிகளில், சாதாரண உபாத்தியாயர்களைக் கொண்டே, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளின் குழந்தைகள் தம் கைகளால் சோதனை செய்து விஞ்ஞானம் பயில வழிசெய்ததில்தான் இருக்கிறது.

நான்கு நான்கு பேராகக் கூடி அமர்ந்து, செய்து பார்த்து, கண்டதைத் தம் சொற்களில் எழுதி, பிறகு வகுப்பு முழுவதும் விவாதித்து முடிவு காண்பது அங்கே வழக்கமாக இருந்தது. அவர்களுக்கென்று எழுதப்பட்ட 'பால வைஞானிக்' என்னும் புத்தகத்தில் செய்முறைகளும் வினாக்களும் நிறைந்திருந்தனவே தவிர, மனனம் செய்வதற்குரிய விடைகள் அச்சிடப்படவில்லை.

ஒரு பாடத்தை மட்டும் சற்று அருகில் சென்று நோக்குவோம். மாணாக்கர் வயல்வெளிக்குப் போய், புல், சோளம், கோதுமை, கடுகு, கொண்டைக்கடலை முதலிய சிறு செடிகளை வேரோடு பிடுங்கி வந்து, மண்ணை உதறித் தரையில் பரப்புகிறார்கள். இலையில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா, வலைபோல் பின்னிக் கிடக்கின்றனவா என்று பிரித்து அடுக்குகிறார்கள். பிறகு வேர்கள் கொத்தாகக் கிளம்புகின்றனவா, நடுவே ஓர் ஆணிவேர் இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இணை நரம்புள்ளவையெல்லாம் கொத்து வேர் பெற்றிருப்பதையும், வலை நரம்புள்ளவை ஆணிவேர் பெற்றிருப்பதையும், ஒருவரும் சொல்லித் தராமலே ஒரு குழந்தை கண்டுகொண்டு கூவுகிறபோது, தாவர சாஸ்திரத்தின் ஒரு விதி அந்தக் குழந்தைக்குச் சொந்தச் சொத்தாகிவிடுகிறது. அதன்பின் ஏதேனும் ஓர் இலையைக் காட்டினால், மண்ணுக்குள் மறைந்துள்ள வேரின் வடிவைப் பிடுங்காமலே ஊகித்துச் சொல்லவும், சொன்னது சரிதானா என்று பிடுங்கிப் பார்க்கவும் அதற்குத் தெரியும். விஞ்ஞான மனோபாவம் என்று நாம் மேடைகளில் முழங்குவது இதைத்தானே!

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, புனேயில் டெல்கோ தொழிற்சாலையில் எஞ்சினீயராகப் பணியாற்றிய அரவிந்த் குப்தா, 1978-ஆம் ஆண்டில் விடுப்பு எடுத்துக்கொண்டு இத்திட்டத்தில் வந்து சேர்ந்தார். சைக்கிள் கடையில் வால்டியூப் என்று கேட்டால் கிடைக்கும் மெல்லிய ரப்பர்க் குழாயைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் மருந்து சுரண்டிய தீக்குச்சிகளைச் செருகினால், எப்பக்கமும் வளையும் மூட்டு ஒன்று அமைகிறது என்பதை அவர் குழந்தைகளுக்குக் காட்டினார். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து அழுத்தினால் அது வடிவம் மாறாமல் நிற்கிறது; நான்கு குச்சிகளால் சதுரம் செய்து அழுத்தினாலோ சாய்ந்து சரிகிறது. சரியும் சதுரத்துக்குக் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு, சற்று நீளமான குச்சி ஒன்றைக் கொடுத்துவிட்டால், அதுவும் இரண்டு முக்கோணங்களாகி உறுதி பெறுகிறது. இரும்புப் பாலங்களிலும் மின்கம்பிக் கோபுரங்களிலும் முக்கோணம் முக்கோணமாகச் சட்டங்களைப் பிணைத்திருப்பதன் காரணம், சில காசுப் பொருளைக்கொண்டு பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று வருந்தும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கருவியைவிட அரிது உபாத்தியாயரின் பொறுமை. விடை தெரிந்தும் அதைச் சொல்லாதிருப்பது, குழந்தை தவறாகச் செருகுவதைப் பார்த்தும் கை நீட்டாதிருப்பது, முப்பது பேர் ஒரே சமயத்தில் பேசும் சப்தத்தை ஒழுங்கீனமாகக் கருதாதிருப்பது, இவையெல்லாம் பழக்கத்தால் வர வேண்டியவை. ஆதலால்தான் ஹோஷங்காபாதில் உபாத்தியாயர்களுக்கு அளித்த பயிற்சியில், அதே சோதனைகளை அவர்களே மாணாக்கராக அமர்ந்து செய்யும்படி வைத்தார்கள். குழந்தைகளின் ஐயங்களைப் பெற்றுக்கொள்ள 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதர் ஒருவரையும் படைத்தார்கள். மனத்தில் எழுந்த கேள்வியை எந்தக் குழந்தையும் அவருக்குக் கடிதமாக எழுத முடிந்தது.

1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த இத்திட்டத்தை, 1982-இல் நிறுவப்பட்ட ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் ஏற்று நடத்தி, வேறு மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது. 2002-ஆம் ஆண்டில் அரசாங்கம் இதை நிறுத்திவிட்டது பெரிய நஷ்டமென்றே நினைக்கிறேன்.

இத்திட்டத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது பரீட்சைமுறை. புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே விடையெழுத அனுமதி இருந்தது. அத்துடன், பொருள்களைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லும் செய்முறைப் பரீட்சையும் இருந்தது. நம் பள்ளிகள் பலவற்றில், அதிகாரி பார்வையிட வரும் நாளில் களிமண், வண்ணத்தாள் முதலிய செய்முறைப் பொருள்கள் வெளியே வந்து, அவர் போனதும் அலமாரிக்குள் திரும்பிவிடுவதற்குக் காரணம் உபாத்தியாயரின் சோம்பல் என்று சொல்வது அநியாயம். ஆண்டு முடிவில் கேட்கப்படுவது மனனம் ஒன்றே என்று அறிந்த உபாத்தியாயர், வயல்வெளியில் ஒரு மணி நேரம் செலவிட எப்படித் துணிவார்? வினாத்தாள் தயாரிப்போர், வகுப்பில் பார்த்திராத ஓர் இலையின் படத்தை அச்சிட்டு, இதன் வேர் எவ்வாறிருக்கும், அதை எவ்வாறு ஊகித்தாய் என்று கேட்கத் தொடங்கட்டும். மறு வருஷமே மாணாக்கர் செடி தேடிப் புறப்படுவார்கள்.